இருபது ட்யூபும் ஒரு கையெழுத்தும்: ஞாயிற்றுக்கிழமை மலைநடை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலிருந்து நாகலாபுரம் மலைக்கு ஒருநாள் நடை அழைத்துப்போகும் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

உங்கள் குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வேலையை இதே விதத்தில் செய்கிற குழுக்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. படிக்கும்போது யாருக்கு உறுத்துகிறதோ அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பாடியில் பஞ்சர் கடை வைத்திருப்பவன். ஏழு வருடமாக உங்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தைய சனிக்கிழமை இரவு என் கடைக்கு ஒரு பையன் வருவான். நீச்சல் தெரியாதவர்கள் தண்ணீரில் பிடித்துக்கொண்டு மிதக்க இருபது லாரி ட்யூபை வாங்கிக்கொண்டு போவான், திங்கட்கிழமை திருப்பிக் கொடுப்பான். எல்லாம் தவுசன்ட் ட்வென்டி சைஸ். ஒவ்வொன்றையும் காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கிச் சுற்றிப் பார்ப்பேன். ஒரு குமிழி வந்தாலும் தனியே எடுத்து வைத்துவிடுவேன். வால்வுக் கம்பி ஆட்களின் விலாவைக் கிழித்துவிடும் என்பதால் அதன்மேல் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டுவேன். வாடகை ஒன்றுக்கு 60 ரூபாய். இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீச்சல் தெரியாத எத்தனை பேரை நீங்கள் தண்ணீருக்கு அழைத்துப்போனீர்கள் என்பது எனக்குத் தெரியும். என் கணக்கு நோட்டில் இருக்கிறது.

போன கார்த்திகையில் போன் வந்தது. "அண்ணே, இனிமே ட்யூப் வேணாம். பஸ்ல இடத்த அடைக்குது. போட்டோவுலயும் நல்லா இல்ல." சரி என்று விட்டுவிட்டேன். லைஃப் ஜாக்கெட் வாங்கிவிட்டார்கள் போலிருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். டயர் எல்லாம் ட்யூப்லெஸ் ஆகிவிட்ட காலத்தில் என்னிடமும் நல்ல ட்யூப் குறைந்துகொண்டுதான் வருகிறது.

மார்கழியில் என் மகள் கேட்டாள். கல்லூரி முதலாம் ஆண்டு. தோழிகள் போகிறார்களாம். தனியே அனுப்ப அவள் அம்மாவுக்கு மனமில்லை, நானும் கூட வருகிறேன் என்று ஆளுக்கு 1,200 ரூபாய் கட்டினேன். கையில் இரண்டு ட்யூபைக் காற்றிறக்கிச் சுருட்டி, ஒரு சைக்கிள் பம்போடு பையில் போட்டுக்கொண்டேன். பழக்கதோஷம் என்று மகள் சிரித்தாள்.

விடியற்காலை நாலரைக்குப் பாடி மேம்பாலத்துக்குக் கீழே பஸ் வந்தது. செங்குன்றம், ஜனப்பன்சத்திரம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை என்று போய், ஆந்திராவுக்குள் நுழைந்து நாகலாபுரத்தில் டீ குடித்தோம். சுமார் 70 கிலோமீட்டர். வேதநாராயணர் கோயில் கோபுரம் பனியில் பாதிதான் தெரிந்தது. கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாதேவியின் பெயரில் உண்டாக்கிய ஊர் என்பார்கள். உள்ளே பெருமாள் இடுப்புக்குக் கீழே மீனாக இருக்கிறார். "அவருக்கு மட்டும் ட்யூப் தேவையில்லை" என்று நான் சொன்னதற்கு உங்கள் ஆட்களும் சிரித்தார்கள். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

பஸ்ஸில் 49 பேர். உங்கள் ஆட்கள் இரண்டு பேர். முன்னால் போகிறவர் லீட், கடைசியில் வருகிறவர் ஸ்வீப். அடிவாரத்து அணையோரம் எல்லாரையும் நிறுத்தி நீங்கள் பேசிய நேரம் நான்கு நிமிடம். அதில் குப்பை போடாதீர்கள் என்பது ஒன்று, அது நல்ல வார்த்தை. மீதி எல்லாம் குழுப்படம், ஹேஷ்டேக், ஸ்பீக்கரில் என்ன பாட்டு என்பது. யாருக்கு நீச்சல் தெரியும், யாருக்குத் தெரியாது என்று ஒருவரும் கேட்கவில்லை. யாருக்காவது வலிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை உண்டா என்று கேட்கவில்லை. யாருடைய காலையும் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். தொழில் அப்படி. ஒரு வண்டி கடைக்குள் வந்தால் என் கண் முதலில் டயருக்குத்தான் போகும். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் மொட்டை டயரோடு வந்திருந்தார்கள். அடி வழவழவென்று தேய்ந்துபோன கேன்வாஸ் ஷூ. இரண்டு பேர் ரப்பர் செருப்பு. அந்த மலையில் மண்பாதை கொஞ்ச தூரம்தான். அப்புறம் ஓடைக்குள்ளேயே பாறை மேல் பாறையாகத் தாவித் தாவித்தான் போகவேண்டும். வெயில் பட்டுக் காய்ந்து வெளுத்திருக்கும் கல் காலைப் பிடிக்கும். நிழலில் கறுப்பாகவோ பச்சையாகவோ இருக்கும் கல்லில் பாசி, கண்ணாடி மாதிரி. இந்த ஒரு வரியைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? யாரும் சொல்லாததால், ஓடையில் குளிக்கிற முதல் மடுவுக்கு முன்னாலேயே ஒரு பெண் கறுப்புக் கல்லில் கால்வைத்து வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு அரைமணி நேரத்தில் வீங்கிவிட்டது. உங்கள் முதலுதவிப் பெட்டியைத் திறந்தோம். பாராசிட்டமால் ஒரு அட்டை, பஞ்சு, காலாவதியான ஒரு களிம்பு. கடைசியில் அவருடைய துப்பட்டாவையும் ஒரு காய்ந்த குச்சியையும் வைத்து அவர் தோழியும் நானும் கட்டினோம். அந்தக் கையோடு அவர் மாலை வரை நடந்தார், ஏனென்றால் அவரைத் திரும்பக் கூட்டிப்போக உங்களிடம் மூன்றாவது ஆள் இல்லை.

இனி இரண்டாவது மடு. நீங்கள் ஃபர்ஸ்ட் பூல், செகண்ட் பூல் என்று சொல்வீர்கள். மடு என்பது பழைய சொல், பக்கத்துத் தடா மலையில் தெலுங்குக்காரர்களும் உப்பலமடுகு என்று அதைத்தான் சொல்கிறார்கள். பெரியவர்கள் அந்தச் சொல்லைச் சும்மா சொல்லமாட்டார்கள். ஓடையில் திடீரென்று ஆழமாகிற இடம்தான் மடு. கரையில் முழங்கால் அளவு, இரண்டடி தள்ளினால் ஆள் ஆழம். வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழியில் அது நிறைந்திருந்தது. பச்சை நிறம், மேலே வெயில் விழுந்து மினுமினுப்பு, அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அழகுதான், அதில் பொய்யில்லை.

நான் ஒரு ட்யூபை எடுத்துப் பம்பு அடிக்க ஆரம்பித்தேன். லாரி ட்யூபை சைக்கிள் பம்பில் அடிப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. பாறைமேல் உட்கார்ந்து நான் அடித்துக்கொண்டிருந்ததை ஒரு பையன் வீடியோகூட எடுத்தான். மகள் தண்ணீரில் கால்விட்டு உட்கார்ந்திருந்தாள்.

பஸ்ஸில் எங்களுக்கு முன்சீட்டில் வந்த ஒரு தம்பி. அம்பத்தூர் பக்கம் வேலை. காலையில் எங்கள் எலுமிச்சை சாதத்தில் பங்குக்கு வந்தவன். நீச்சல் தெரியாது என்று அவனே என்னிடம் சொல்லியிருந்தான். அவன் கரையோரமாகக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றான். நண்பர்கள் அந்தப் பக்கம் போனார்கள், இவனும் இரண்டடி நகர்ந்தான். அவ்வளவுதான்.

சினிமாவில் பார்ப்பதுபோல அவன் கத்தவில்லை. கையைத் தூக்கி ஆட்டவில்லை. தலை பின்னால் சாய்ந்திருந்தது, வாய் தண்ணீர் மட்டத்தில், கண் மேலே பார்த்தபடி. கைகள் இரண்டும் தண்ணீரை அமுக்கி அமுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தன. அவனைச் சுற்றி ஐந்தாறு பேர் சிரித்துக்கொண்டு தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் பாட்டு. அவன் கைக்கெட்டும் தூரத்தில் ஒருத்தர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். என் மகள்தான் கேட்டாள்: "அப்பா, அந்தண்ணன் ஏன் ஏணி ஏறுற மாதிரி பண்றாரு?"

மூழ்குகிறவனுக்கு மூச்சு விடவே வாய் போதாது, கத்துவதற்கு எங்கே போவது? கை ஆட்டுவதும் அவன் வசத்தில் இல்லை. இருபது நொடியிலிருந்து ஒரு நிமிடம் வரைதான் மேலே இருப்பான், பிறகு சத்தமே இல்லாமல் உள்ளே போய்விடுவான். இதை நான் அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். தண்ணீருக்கு ஆட்களைக் கூட்டிப்போகிற தொழில் செய்கிற நீங்கள் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டியது.

பாதிக் காற்று அடித்த ட்யூபைத்தான் எறிந்தேன். முதல் தடவை தள்ளி விழுந்தது. ஒரு பொண்ணு, பேர்கூடத் தெரியாது, பாய்ந்து நீந்தி அதை அவன் மார்போடு தள்ளினாள். பிடித்துக்கொண்டான். கரைக்கு இழுத்துப் போட்டபோது வாயில் நுரை. இருமி இருமி வாந்தி எடுத்தான். உங்கள் லீட் அப்போது மூன்றாவது மடுவுக்குப் போய்விட்டிருந்தார். ஸ்வீப் வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, தண்ணி குடிச்சிட்டான்" என்றார்.

ஒன்றுமில்லையா? தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருந்தால் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத்திணறல் வரலாம், அப்படிப்பட்டவரை மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும் என்று அன்றிரவு அவனைப் பார்த்த டாக்டர் சொன்னார். அந்த மருத்துவமனைக்கும் அவன் நண்பர்கள்தான் கூட்டிப்போனார்கள். உங்களில் ஒருவரும் கூடப் போகவில்லை. மலைமேல் போனில் சிக்னல் இல்லை, 108-ஐக் கூப்பிட வேண்டும் என்றாலும் கீழே இறங்கித்தான் கூப்பிட வேண்டும். அந்த நிலைமையில் அவனைப் பாறை தாண்ட வைத்து நடத்திக் கூட்டிவந்தோம்.

கீழே வந்து பஸ்ஸில் ஏறியபோது மணி ஆறு. மார்கழி இருட்டு. "எல்லாரும் வந்தாச்சா?" என்று முன்னாலிருந்து ஒரு குரல். "வந்தாச்சு" என்று பின்னாலிருந்து நான்கு குரல். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். எங்கள் பின்சீட் காலி என்று மகள் சொல்லித்தான் நின்றது. கணவன் மனைவி இரண்டு பேர் டார்ச் வெளிச்சத்தில் ஓடிவந்தார்கள். மினி லாரியில் காய்கறி மூட்டை ஏற்றுகிற கோயம்பேட்டுப் பையன்கூட மூட்டையை எண்ணித்தான் ஏற்றுவான்.

மறுநாள் நீங்கள் வாட்ஸ்அப்பில் போட்ட வரி: "ஒரு சிறு அசம்பாவிதம் தவிர அருமையான நாள்." நான் மூன்று கேள்வி கேட்டேன். பத்து நிமிடத்தில் என் செய்தி நீக்கப்பட்டது. சாயங்காலம் நானும் நீக்கப்பட்டேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது போன வாரம் வந்த அறிவிப்பு. இரண்டு பஸ், 98 பேர். "நீச்சல் தெரியாதவர்களும் வரலாம்." கீழே ஒரு படிவம்: எனக்கு என்ன நேர்ந்தாலும் நானே பொறுப்பு, ஏற்பாட்டாளர்கள் பொறுப்பல்ல. கையெழுத்துப் போட்டால்தான் சீட்டு.

நடந்ததைப் பார்த்து நீங்கள் எடுத்த முடிவு இதுதான் என்றால், உங்களோடு கணக்குப் பேச வேண்டியிருக்கிறது. இருபது ட்யூபின் வாடகை 1,200 ரூபாய். ஒரு ஆளின் கட்டணம் 1,200 ரூபாய். 49 பேரில் ஒரே ஒருவரின் காசு. அதைத்தான் மிச்சம் பிடித்தீர்கள்.

வாடகை போன ஆத்திரத்தில் பேசுகிறான் என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். ட்யூப் வைத்திருக்கிறவனே சொல்கிறேன், ட்யூப் உயிர்காக்கும் கருவி கிடையாது. கை நழுவினால் நடு ஓட்டை வழியாக ஆள் கீழே போய்விடுவார். கூரான கல்லில் ஒரு உரசல் போதும், காற்று போய்விடும். மயங்கினவர் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்க அதனால் முடியாது. ஏழு வருடம் அதை நான் வாடகைக்கு விட்டதே தப்பு என்றுகூட இப்போது தோன்றுகிறது. உங்களுக்குத் தேவை லைஃப் ஜாக்கெட், என்னிடம் அது கிடையாது. இனி எந்தக் குழுவுக்கும் இந்த வேலைக்கு ட்யூப் தரப்போவதும் இல்லை.

படிவத்தைப் பற்றியும் ஒன்று. என் கடைக்கு வருகிற ஒரு வக்கீலிடம் காட்டினேன். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவு இருக்கிறது, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ என்று இருந்ததுதான், செத்தவரிடம் முன்கூட்டியே வாங்கிய கையெழுத்து அதை அழித்துவிடாது என்றார். அதனால் அந்தக் காகிதம் உங்களையும் காப்பாற்றாது.

இந்த ஊரில் மலையேற்றம் என்றால் குரங்கணியை நினைக்காமல் பேச முடியாது. 2018 மார்ச் 11. தேனி மாவட்டத்துக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள், சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை அறிவித்து, உள்ளூர் மக்களையே வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுத்து வைத்து நடத்த ஆரம்பித்தது. நம் பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைகளும் அதில் உண்டு. காட்டுத்தீ காலத்தில் அந்தப் பாதைகளை மூடியும் வைக்கிறார்கள். அந்த விதிகள் ஊத்துக்கோட்டையோடு நின்றுவிடுகின்றன என்பது உங்களுக்கு வசதியாக இருக்கிறது. அந்தப் பக்கம் ஆந்திர வனத்துறையின் அனுமதி வேண்டும். எங்கள் பயணத்துக்கு அது வாங்கப்பட்டதா என்பது நான் கேட்ட மூன்று கேள்வியில் முதலாவது. இரண்டாவது, ஏன் உள்ளூர் வழிகாட்டி ஒருவரும் கூட இல்லை. மூன்றாவது, அந்தத் தம்பியின் வீட்டுக்கு யார் போன் செய்தீர்கள்.

உள்ளூர் ஆள் ஏன் வேண்டும் என்று கேட்பீர்கள், ஜிபிஎஸ் இருக்கிறதே என்று. ஆந்திராவில் பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டால் ஆரணியாற்றில் ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கி, போக்குவரத்து நின்றுபோன மழைக்காலங்களை நாம் பார்த்திருக்கிறோம். மழை ஓரிடம், வெள்ளம் வேறிடம். மலை ஓடையிலும் அதேதான், ஆனால் வேகம் பல மடங்கு. மேலே எங்கோ ஒரு மணி நேரம் கொட்டினால், வெயிலடிக்கும் மடுவில் நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அந்த நிறம் மாறுவதைப் பார்த்த உடனே எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்பது ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியும். எந்த இடத்தில் ஓடையைக் கடந்தால் திரும்பி வரமுடியாது என்பதும் தெரியும். ஜிபிஎஸ் நாம் நிற்கிற இடத்தைத்தான் காட்டும்.

நான் அந்த நடையே கூடாது என்பவன் அல்லன். என் மகள் மூன்றாவது மடுவின் அருவிக்குக் கீழே நின்ற படம் இன்று அவள் போனின் முகப்பில் இருக்கிறது. மறுபடியும் போகவேண்டும் என்கிறாள். எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பிள்ளைகளுக்கு மாதத்தில் ஒருநாள் கல்லும் தண்ணீரும் தேவைதான். அதை ஏற்பாடு செய்வது நல்ல வேலை, கூலி வாங்குவதும் தப்பில்லை.

ஆகவே நான் கேட்பவை. 98 பேர் பயணத்தை நிறுத்துங்கள். உங்களிடம் இருக்கும் ஆட்களைக் கொண்டு எத்தனை பேரைப் பார்த்துக்கொள்ள முடியுமோ அத்தனை பேரை மட்டும் எடுங்கள். என்னைக் கேட்டால் எட்டுப் பேருக்கு ஒருவர், அதற்குக் குறைந்தால் வேண்டாம். அடிபட்டவரைத் திரும்பக் கூட்டிவர ஒருவர் எப்போதும் கையில் மிச்சம் இருக்கவேண்டும். பதிவு செய்யும்போதே நீச்சல் தெரியுமா என்று கேளுங்கள், தெரியாதவருக்கு அளவு பார்த்த, பட்டி போட்ட லைஃப் ஜாக்கெட் இல்லாமல் மடுவில் கால் வைக்க விடாதீர்கள். ஒவ்வொரு மடுவிலும் நீந்தத் தெரிந்த ஒருவர் தண்ணீருக்குள் இறங்காமல், போன் பார்க்காமல், கரையில் எறிகயிற்றோடு நிற்கட்டும். அங்கே பாட்டு வேண்டாம். அடி வழுக்கும் ஷூவோடு வருகிறவரை பஸ் ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்பிப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். வனத்துறை அனுமதியின் நகலைக் குழுவில் போடுங்கள். அடிவாரத்து ஊரிலிருந்து ஒருவரைக் கூலி கொடுத்து வழிகாட்டியாக வையுங்கள். மேலே மழை என்றால் ரத்து, காசு திரும்ப.

பஸ் கிளம்பும் முன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒவ்வொருவரும் தன் பெயருக்குத் தானே பதில் சொல்லட்டும், அடுத்தவருக்காக யாரும் சொல்ல வேண்டாம்.

அந்தப் படிவத்தைத் திரும்பப் பெறுங்கள். மணிக்கட்டில் அடிபட்ட பெண்ணின் சிகிச்சைச் செலவைக் கொடுங்கள், அது உங்கள் வசூலில் ஒரு ஐந்து ஆளின் கட்டணம்கூட வராது.

இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வேண்டும், அடுத்த பயணத்துக்கு முன்னால். பதில் வருகிற வரையில், ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கும் இனிமேல் கட்டப்போகிறவர்களுக்கும் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: போன மார்கழியில் இரண்டாவது மடுவில் ஒரு தம்பி மூழ்கினான், அப்போது உங்கள் லீட் மூன்றாவது மடுவில் இருந்தார்.

பாடியிலிருந்து,
பஞ்சர் கடைக்காரன்